அரக்கு ஜாக்கெட்டில் வெள்ளை நூல்: மனச்சோர்வு தொடங்கிய நாட்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அரக்கு நிறப் பட்டு ஜாக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்து என் மேசைமேல் விரித்தான் அந்தப் பையன். பாதி தைத்தது. உள்பக்கம் திருப்பிக் காட்டினான். தோள் இணைப்பு முழுக்க வெள்ளை நூல் ஓடியிருந்தது.

"எங்கம்மா மேட்சிங் நூல் இல்லாம ஒரு தையல்கூடப் போட மாட்டாங்க மேடம். இது நாலாவது பீஸ். நாலுலயும் வெள்ளைதான்."

அம்மா பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நூல் மாத்தணும்னா எழுந்திரிக்கணும்ல."

2024 அக்டோபர் 18, வெள்ளிக்கிழமை. தீபாவளிக்கு 13 நாள் இருந்தது. மூன்று நாள் முன்பே வந்திருப்பார்கள். 15ஆம் தேதி பிடித்த மழையில் பெரம்பூரில் அவர்கள் தெருவில் தண்ணீர் நின்றுவிட்டது.

நான் சென்னையில் மருத்துவ உளவியலாளராக இருக்கிறேன். மாத்திரை எழுதுவது என்னோடு வேலை பார்க்கும் மனநல மருத்துவர். பேசுவதும் திட்டம் போடுவதும் என் பங்கு. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். அந்தப் பையனின் அம்மா என்னைவிட எட்டு வயது மூத்தவர் என்பதால் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே.

முன்கதை

அக்காவுக்கு வயது 46. வீட்டு முன்னறையில் மோட்டார் வைத்த மிஷின் போட்டு ஜாக்கெட், சுடிதார் தைக்கிறார், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார். கணவர் அம்பத்தூரில் ஒரு சிறிய பட்டறையில் லேத் ஓட்டுகிறார். ஒரே மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு.

மனச்சோர்வு முதல் தடவை வந்தது 2005இல், மகன் பிறந்த மூன்றாம் மாதம். குழந்தை அழுதால் காதில் விழும், தூக்கத் தோன்றாது. தாய்வீட்டில் ஐந்து மாதம் படுத்தே கிடந்தார். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். அது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு என்று யாரும் சொல்லவில்லை. தானாகவே மெல்ல விலகியது.

இரண்டாவது 2021இல். கொரோனா இரண்டாம் அலையில், மே மாதம், அப்பா இறந்தார். கடைசியாக முகம் பார்க்க முடியவில்லை. ஜூலையில் தொடங்கியது; என்னிடம் வந்ததோ அக்டோபரில். நடுவில் மூன்று மாதம் போனதற்குக் காரணம் ஒரு சொல். மனநல மருத்துவரைப் பார்க்கலாமா என்று கணவர் கேட்டதும் மாமியார், "என் மருமகளைக் கீழ்ப்பாக்கம் கேஸ் ஆக்கப் பாக்குறியா?" என்றாராம். கீழ்ப்பாக்கத்து மனநலக் காப்பகத்தின் வேர் 1794க்குப் போகிறது. இன்றைக்கும் அங்கே வெளிநோயாளியாக வந்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். அந்தப் பேரை நம் ஊர் வசவாக்கி வைத்திருப்பதால் எத்தனை பேர் எத்தனை மாதம் தள்ளிப்போடுகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அந்த இரண்டாம் தடவையில் என் பக்கம் ஒரு தவறு நடந்தது. அதைச் சொல்லாமல் மூன்றாவதை விளக்க முடியாது. அக்கா அவ்வளவு களைத்திருந்தார். "கொஞ்ச நாள் வேலையை விட்டுட்டு ஓய்வெடுங்க அக்கா" என்றேன். குடும்பம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆர்டர் எல்லாம் திருப்பிக் கொடுத்தார்கள். மிஷின்மேல் போர்வை போட்டு மூடினார்கள். சமையல் மாமியார் கைக்குப் போனது. அக்கா சுவரைப் பார்த்துப் படுத்தார். மாத்திரையின் அளவைக் கூட்டியும் ஐந்து வாரமாக ஒரு அசைவும் இல்லை. ஆறாவது வாரம் அவராகவே சொன்னார்:

"மிஷின் மேல போர்வை கெடக்கறதப் பாத்தா பொணத்தை மூடி வெச்ச மாரி இருக்கு மேடம்."

அப்பா முகத்தைப் பார்க்க முடியாமல் போன பெண்ணின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு ஓய்வு என்ற பெயரில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால், மனசுக்குக் கொஞ்சமாவது ஊட்டம் தந்துகொண்டிருந்த கடைசி வாய்க்காலும் அடைபட்டுப்போகும். இதைப் பாடமாகப் படித்தவள்தான் நான். மனநிலை சரியானபின் வேலை என்றில்லாமல், சின்னச் செயலில் தொடங்கி அதன் வழியே மனநிலையைத் தூக்குவது செயலூக்கச் சிகிச்சை. 1996இல் அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களைத் திருத்தும் பகுதியை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தவர்களும் முழுச் சிகிச்சை பெற்றவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். தெரிந்தும், எதிரில் ஒருவர் களைத்து உட்கார்ந்திருக்கும்போது 'ஓய்வெடுங்க' என்பதுதான் வாயில் வருகிறது.

மறுநாளே போர்வையை எடுக்கச் சொன்னேன். தைக்க வேண்டாம், எண்ணெய் மட்டும் போடுங்கள். பிறகு ஒரு நாளைக்கு ஐந்து ஹூக். 2022 ஏப்ரலில் அவர் பழைய அக்கா.

மாத்திரையை எட்டாம் மாதம் யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். "பழகிடும்"னு பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடிப்பது போல ஓர் உணர்வு, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் வந்தன. செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் இப்படி வருவது தெரிந்த விஷயம். போதைப் பொருள் போல மேலும் மேலும் கேட்கும் பழக்கம் இல்லை அது. மறுபடி தொடங்கி, மருத்துவர் சொன்னபடி சிறிது சிறிதாகக் குறைத்து, 2023 மார்ச்சில் நிறுத்தினார்.

நோட்டின் கடைசிப் பக்கம்

2023 ஏப்ரலில், அக்கா நன்றாக இருந்தபோது, மூவரையும் வரச் சொன்னேன். ஒருமுறை மனச்சோர்வு வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மறுபடியும் வருகிறது. இரண்டு முறை வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மழைக்கு முன்னால்தானே ஓட்டை அடைக்க முடியும்.

ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டேன்: போன தடவை முதலில் எது மாறியது? கணவர், "சிரிப்பு நின்னுபோச்சு" என்றார். அக்கா, விடியற்காலை மூன்றரைக்கே விழிப்பு வந்ததைச் சொன்னார். மகன் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: "ரேடியோ. தைக்கும்போது எஃப்.எம். ஓடிட்டே இருக்கும். அப்ப அணைச்சிட்டாங்க. கேட்டா, பாட்டு இரைச்சலா இருக்குன்னாங்க." நாள் கணக்குப் போட்டுப் பார்த்தால், ரேடியோ நின்றது சிரிப்பு நிற்பதற்கு மூன்று வாரம் முன்னால்.

சோகம் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. அதற்கு முன்பே தூக்கம் நகர்ந்திருக்கும், பிடித்தது சலித்திருக்கும், கை மெதுவாகியிருக்கும். "மனசு சரியில்ல" என்று வாயால் சொல்ல நம் ஆட்களுக்கு வாரக்கணக்காகும். அதுவரை அசதி, தலைபாரம், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி என்றுதான் பேச்சு. சிலருக்குப் பூரிக்கட்டை எடுப்பது நின்றுபோகும், சிலர் ஷேவ் பண்ணமாட்டார்கள். அடையாளம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் பொதுப் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா தன் கையெழுத்தில் எழுதினார்: மூன்றரை விழிப்பு, ரேடியோ, போனை எடுக்காதது, போட்ட காபி ஆறிப்போவது. கீழே, இதில் இரண்டு சேர்ந்து ஒரு வாரம் இருந்தால் மேடத்துக்குப் போன் என்று ஒரு வரி. வீட்டில் யார் கவனித்தாலும் "என்னாச்சு?" என்று கேட்கக் கூடாது, "நோட்டை எடுக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். என்னாச்சு என்ற கேள்விக்கு அந்த நிலையில் பதில் இருக்காது. நோட்டை எடுப்பதற்குத் தலையாட்டினால் போதும்.

அக்டோபர் 2024

தீபாவளி சீசன். அக்கா 34 ஜாக்கெட்டுக்குத் துணி வாங்கி வைத்திருந்தார். இரண்டு வாரமாக இரவு ஒரு மணிவரை மிஷின். மூன்று மாதமாக மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம். "இந்த வயசுல அப்படித்தான்" என்று விட்டுவிட்டார். பிறகு ஒருநாள் தூங்க நேரம் கிடைத்தும் மூன்றரைக்கு விழிப்பு வந்தது. அடுத்து ரேடியோ நின்றது. பட்டியலில் இல்லாத வெள்ளை நூலை மகன்தான் கண்டுபிடித்தான். நோட்டை எடுக்கட்டுமா என்று அவன் கேட்டபோது அம்மா அழுதிருக்கிறார். பதினோரு நாளில் இங்கே வந்துவிட்டார்கள்.

நோய் என்று எழுத இரண்டு வாரம் அறிகுறிகள் இருக்க வேண்டும் என்பது வரையறை. அது மருத்துவர் பெயர் வைப்பதற்கான கணக்கு. வீட்டில் இருப்பவர் கைகட்டிக் காத்திருக்க வேண்டிய கணக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை வந்தவருக்குப் பதினோராம் நாள் நல்ல நாள்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி கொண்ட பி.எச்.க்யூ-9இல் 27க்கு 13 வந்தது. நடுத்தரம். ஒன்பதாவது கேள்வியை எப்போதும் நேராகவே கேட்பேன்: "செத்துப்போகணும்னு நெனப்பு வருதா அக்கா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று குடும்பங்கள் அஞ்சுகின்றன. அப்படி ஆவதில்லை, கேட்டவுடன் தோள் தளர்ந்து பேசத் தொடங்குபவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"சாகணும்னு இல்ல மேடம். காலைல எழுந்திரிக்காமயே போயிட்டா தேவலன்னு இருக்கு."

திட்டம் ஏதும் இல்லை, ஆனாலும் இதை லேசாக விட முடியாது. மாத்திரைகள் கணவரிடம் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கட்டும், இரவில் அக்கா தனியறையில் படுக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். எண்ணம் 'போயிட்டா தேவல' என்பதிலிருந்து 'போயிடணும்' என்று நகர்ந்தால் அன்றைக்கே வர வேண்டும். ராத்திரி என்றால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கோ 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்கோ கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். மகன் இரண்டையும் அங்கேயே தன் போனில் ஏற்றிக்கொண்டான்.

மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினார். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 8.9. அக்காவின் அசதியில் ஒரு பங்கு ரத்தசோகையின் பங்கு. அதை மனசு என்று மட்டும் பார்த்திருந்தால் தவறியிருப்போம். இரும்புச்சத்து மாத்திரை தொடங்கி, மகப்பேறு மருத்துவரிடமும் அனுப்பினோம். எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் பல நாள் இருந்ததுண்டா என்று மருத்துவர் விசாரித்தார். இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்த்திசையில் பொங்கிவிடக்கூடும். அக்காவுக்கு அப்படி எதுவும் இருந்ததில்லை. முன்பு பலன் தந்த செர்ட்ரலினையே 25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50 ஆக்கினார்.

மாத்திரை வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரமாகும். அதுவரைக்கும் நாட்களை நகர்த்தியாக வேண்டும்.

முதலில் தூக்கம். மூன்றரைக்கு விழிப்பு வந்தால் படுக்கையிலேயே புரளாமல் எழுந்து முன்னறையில் உட்காரலாம். மணி மட்டும் பார்க்கக் கூடாது. எப்போது தூங்கினாலும் ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும். பால் பாக்கெட்டை வாசலுக்குப் போய் அவரே எடுக்க வேண்டும். எடுத்ததும் உள்ளே வராமல் வெளிச்சம் வரும்வரை திண்ணையில் பத்து நிமிடம். பகலில் தூங்கினால் அரை மணி, அதுவும் மதியம் மூன்றுக்குள். இரவு ஒன்பதுக்குப் பிறகு மிஷின் கிடையாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் சண்டை போட்டார். தீபாவளிக்கு ஜாக்கெட் தராவிட்டால் தெருவில் எப்படி முகம் காட்டுவது?

நியாயமான கேள்வி. போன தடவை செய்த தவறை நான் மறுபடி செய்யப் போவதில்லை. அதே சமயம் 34ஐயும் தைக்கவிட முடியாது. பேப்பரில் எழுதிப் பிரித்தோம். வெட்டி முடித்த 12 அவரிடம். ஒன்பதை இரண்டாவது தெருவில் தைக்கும் ஒரு பெண்ணிடம் கூலி பேசிக் கொடுப்பது. மீதி 13 பேருக்குப் போன் செய்து துணியைத் திருப்பித் தருவது. அந்தப் பதின்மூன்று போனை அக்காவால் செய்ய முடியாது என்பது முகத்திலேயே தெரிந்தது. "அண்ணிக்கு உடம்பு முடியல" என்று சொல்லும் வேலையை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். அது பொய்யும் இல்லை. திட்டுவார்கள் என்று பயந்த பதின்மூன்று பேரில் இரண்டு பேர்தான் சலித்துக்கொண்டார்கள். ஒரு அம்மா ரசம் வைத்துக் கொடுத்தனுப்பினார்.

பன்னிரண்டையும் ஜாக்கெட் கணக்கில் பார்க்கக் கூடாது என்றேன். அன்றைய அளவு ஜாக்கெட்டின் ஒரு கை. ஒரு கை தைத்தால் நாள் முடிந்தது. மனசிருந்தால் இன்னொரு கை. தொடங்குமுன் மனசு பத்துக்கு எவ்வளவு, முடித்தபின் எவ்வளவு என்று நோட்டில் இரண்டு எண். முதல் நாள் 2, 2. இரண்டாம் நாள் 2, 3. அக்கா இதைத் தோல்வியாகப் பார்த்தார். நான் சந்தோஷப்பட்டேன். "தைக்கவே முடியாது"ன்னு காலையில் சொன்ன மனசு, தைத்தபிறகு ஒரு புள்ளி ஏறியிருக்கிறது. அது சொல்வதெல்லாம் சரியில்லை என்பதற்கு அவர் கையெழுத்திலேயே சாட்சி. நூல் நிறத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

யோசனைகளுக்கு வழி சொன்னவர் அக்காதான். விடியற்காலையில் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். அப்பா, மகன் காலேஜ் ஃபீஸ், 2005, நான் ஏன் இப்படி, அவர் என்னைக் கட்டி என்ன சுகம் கண்டார், மறுபடி அப்பா. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்:

"பாபின்ல நூல் தீர்ந்துட்டா மிஷின் தெரியாத மாரி ஓடிட்டே இருக்கும் மேடம். ஊசி ஏறும் எறங்கும், சத்தம் வரும். துணியத் திருப்பிப் பாத்தா தையலே விழுந்திருக்காது. அந்த மாரி."

இதைவிடத் தெளிவாக நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. தையல் விழும் யோசனை, விழாத யோசனை என்று பிரித்துப் பார்க்கப் பழகினோம். "ஃபீஸுக்கு யாரிடம் கேட்பது" என்பதில் தையல் விழும். "நான் ஏன் இப்படி" என்பதில் விழாது. தையல் விழவில்லை என்று தெரிந்தால் யோசனையோடு மல்லுக்கட்ட வேண்டாம். மிதியிலிருந்து காலை எடுப்பது போல எழுந்து கைக்கு ஒரு வேலை கொடுப்பது. தண்ணீர் பிடிப்பது, வெங்காயம் உரிப்பது, எதுவானாலும். ஒரு நாளில் இருபது தடவை செய்ய வேண்டியிருந்தது என்றார்.

கணவரிடம் தனியாகப் பேசினேன். நல்ல மனுஷன், பயந்துபோயிருந்தார். பயம் அவர் வாயில் "உனக்கு என்ன கொறச்சல்?" என்று வந்துகொண்டிருந்தது. இந்தக் கேள்வி மனச்சோர்வில் இருப்பவருக்குக் குற்றப்பத்திரிகை மாதிரி. குறை ஒன்றும் இல்லாமலே இப்படி இருக்கிறோமே என்று இன்னும் உள்ளே போவார்கள். பதிலாக என்ன சொல்வது என்று கேட்டார். ஒன்றும் சொல்ல வேண்டாம், வேலை விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் எடுத்துக் கொடுங்கள் என்றேன். லேத் ஓட்டும் கைக்கு ஹூக் சிக்கவில்லையாம். ஆனாலும் தினம் உட்கார்ந்தார்.

போன போக்கு

நவம்பர் முதல் வாரம் மோசமாக இருந்தது. தீபாவளிப் பரபரப்பு ஓய்ந்ததும் வெறுமை. மாத்திரையால் குமட்டல். மதிப்பெண் 14க்கு ஏறியது. "இந்த முறையும் கீழ போயிடுவேனா மேடம்" என்று கேட்டார். போகாது என்று நான் சத்தியம் செய்யவில்லை. போன முறை மூன்று மாதம் கழித்து வந்தீர்கள், இந்த முறை பதினோரு நாள். மாத்திரைக்கு இன்னும் இரண்டு வாரம் கொடுப்போம் என்றேன். அந்த வாரம் இரண்டு நாள் ஒரு கைகூடத் தைக்கவில்லை. நோட்டில் வெறும் கோடு போட்டிருந்தார். கோடு போட நோட்டைத் திறந்திருக்கிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

நவம்பர் 22இல் 8. ஃபெஞ்சல் புயலன்று, நவம்பர் 30, வர முடியாமல் போனில் பேசினோம், பின்னால் எஃப்.எம். சத்தம் கேட்டது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிசம்பர் 20இல் 4. ஹீமோகுளோபின் 10.6.

எது பலன் தந்தது? மாத்திரையா, இரும்புச்சத்தா, ஒரு கைக் கணக்கா, சீசன் முடிந்ததா? ஒரே ஒருவர் கதையை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நான் அதிக எடை கொடுப்பது பதினோராம் நாளில் வந்ததற்கு. அன்று அவரால் பேச முடிந்தது, பேப்பரில் கணக்குப் போட முடிந்தது, ஒன்பது மணி விதிக்காகச் சண்டை போட முடிந்தது. 2021 அக்டோபரில் என் எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவால் இதில் எதுவும் முடிந்திருக்காது.

மூன்றாவது தடவை என்பதால் மாத்திரையைக் குறைந்தது இரண்டு வருடமாவது தொடரலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மாமியாருக்கு இதில் இன்னும் சம்மதமில்லை. பொங்கலுக்கு 15 பீஸுக்குமேல் எடுப்பதில்லை என்று அக்கா சுவரில் எழுதி ஒட்டினார், 19 எடுத்துவிட்டார்.

ஜனவரி கடைசியில் நோட்டைக் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் மகன் கையெழுத்தில் 'வெள்ளை நூல்' சேர்ந்திருந்தது. அதன் கீழே அக்காவே புதிதாக ஒன்று எழுதியிருந்தார்: யாராவது கேட்டா 'ஒண்ணுமில்ல'ன்னு சொல்றது.